இரண்டு லைன் போட்டால் கேம் லேக் போகுமா? டிபி-லிங்க் ஈஆர்605 ரவுட்டர் விமர்சனம்

வீட்டில் 100 எம்பிபிஎஸ் லைன் ஒன்று இருக்கிறது, இன்னொன்றும் இழுத்து இரண்டையும் இந்தப் பெட்டியில் செருகினால் பிங் (கேம் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) பாதியாகிவிடும் என்று எண்ணி வாங்குகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: ஆகாது. சென்னையிலிருந்து மும்பைக்கு ஒரு ரயிலுக்குப் பதில் இரண்டு விட்டால் கூட்டம் குறையும், பயண நேரம் குறையாது. கேம் சர்வருக்குப் போகும் யுடிபி பாக்கெட்டுகள், அதாவது தகவல் துண்டுகள், ஒரு நேரத்தில் ஒரே லைனில்தான் போகும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் 1,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். போய்த் திரும்ப 10 மில்லிசெகண்ட் இயற்கையே வாங்கிக்கொள்ளும். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, நடுவில் ரவுட்டர்கள் வேறு. அதனால் வேலரன்ட் கேமின் மும்பை சர்வருக்கு 20-களில் பிங் வந்தாலே நல்ல லைன். எந்தப் பெட்டியும் அதைக் கீழே இறக்காது.

அப்படியானால் எதற்கு இது? சராசரி பிங் 28 இருந்தும் சுடும் நேரத்தில் மட்டும் 180-க்குத் தாவுகிறதே, அந்தத் தாவலை அடக்க. அந்த வேலையை ஈஆர்605 நன்றாகவே செய்யும். ஆனால் டப்பாவிலிருந்து எடுத்த நிலையில் செய்யாது. அதன் இயல்பான அமைப்பு அலுவலகத்துக்கானது. கேமுக்கு அது தவறான அமைப்பு.

தாவல் எங்கே பிறக்கிறது?

பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே. யாராவது ஒருவருடைய போன் வைஃபையில் ஏறியதும் அன்றைக்கு எடுத்த வீடியோக்களைப் பின்னணியில் மேலே ஏற்ற ஆரம்பிக்கும். மோடம் தன்னால் உடனே அனுப்ப முடியாததை வரிசையில் நிறுத்தி வைக்கும். அந்த வரிசையின் கடைசியில்தான் உங்கள் கேம் பாக்கெட்டும் நிற்கும். கணக்கு எளிது: அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ், வரிசையில் 1 மெகாபைட் நிற்கிறது என்றால், அது கரைய 0.8 வினாடி, அதாவது 800 மில்லிசெகண்ட். அப்லோட் 40 எம்பிபிஎஸ் என்றால் 200. 100 என்றால் 80. இதற்குத்தான் பஃபர்ப்ளோட் என்று பெயர். கேமுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் 1 எம்பிபிஎஸ் பக்கம்தான். வேகம் போதாமல் லேக் வருவதில்லை, வரிசையில் நிற்பதால் வருகிறது.

உங்கள் வீட்டுப் பிரச்சினை இதுதானா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும். கம்ப்யூட்டரை லேன் கேபிளில் இணைத்து, கமாண்ட் பிராம்ப்டில் 8.8.8.8 முகவரிக்கு பிங்கை நிறுத்தாமல் ஓட விடுங்கள். இரண்டு நிமிடம் வீடு அமைதியாக இருக்கட்டும். பிறகு போனிலிருந்து ஒரு பெரிய வீடியோவை டிரைவில் ஏற்றுங்கள். பிங் 15-லிருந்து 150-க்கு எகிறினால் நோய் வீட்டுக்குள் இருக்கிறது, இந்த ரவுட்டர் உதவும். அமைதியாக இருக்கும்போதே இரவு எட்டிலிருந்து பதினொன்றுக்குள் தாறுமாறாக ஏறி இறங்கினால் நோய் கம்பெனியின் நெட்வொர்க்கில் இருக்கிறது. இரண்டாவது லைன் உதவும், ஆனால் சரியான கம்பெனியாக இருந்தால் மட்டும். கேபிளில் சுத்தமாக இருந்து வைஃபையில் மட்டும் ஆடினால், பணத்தை மிச்சப்படுத்தி ஒரு கேட்-6 கேபிள் வாங்குங்கள்.

பெட்டி வேண்டாத வழி ஒன்று

இரண்டாவது லைன் வாங்கிவிட்டீர்கள் என்றால், அதன் மோடத்தில் கேம் கம்ப்யூட்டரை நேரடியாகச் செருகிவிட்டு, வீட்டில் மற்ற எல்லாவற்றையும் பழைய லைனிலேயே விட்டுவிடலாம். செலவு ஒரு கேபிள். லேக் விஷயத்தில் ஈஆர்605 கொடுக்கும் பலனில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். போவது இரண்டுதான்: வீட்டு பிரிண்டர், டிவி, என்ஏஎஸ் (ஃபைல் சேமிக்கும் பெட்டி) எல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, அந்த லைன் செத்தால் கையால் கேபிளை மாற்ற வேண்டும். இந்த இரண்டும் பரவாயில்லை என்பவர் இதற்கு மேல் படிக்க வேண்டியதில்லை. விண்டோஸில் லேன், வைஃபை இரண்டையும் ஒரே நேரத்தில் இணைத்து வைத்தால் சேர்ந்து வேலை செய்யும் என்பது மட்டும் மூடநம்பிக்கை. எதன் மெட்ரிக் (விண்டோஸ் கொடுக்கும் முன்னுரிமை) எண் குறைவோ அதில்தான் எல்லாம் போகும், மற்றது சும்மா கிடக்கும்.

கையில் கிடைக்கும் பொருள்

கைக்கடக்கமான இரும்புப் பெட்டி, ஐந்து கிகாபிட் போர்ட்டுகள், வைஃபை கிடையாது. ஃபேன் இல்லை, சத்தமும் இல்லை. கடையில் வாங்கும்போது அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் வெர்ஷன் 2 என்று இருக்கிறதா பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் பழைய சரக்கும் கலந்தே இருக்கும். இரண்டாம் வெர்ஷனில் யுஎஸ்பி போர்ட் உண்டு, 4ஜி டாங்கிளைச் செருகி அவசர லைனாக வைத்துக்கொள்ளலாம். அதில் முதல் போர்ட் வான் (வெளி லைன் செருகுவது) மட்டும்; அடுத்த இரண்டையும் வான் ஆகவோ லேன் ஆகவோ மாற்றிக்கொள்ளலாம்; கடைசி இரண்டும் லேன் (வீட்டுக் கருவிகளுக்கு) மட்டும். இரண்டு லைன் செருகியபின் மூன்று லேன் போர்ட் மிஞ்சும்: கேம் கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், வைஃபைக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு சாதாரண கிகாபிட் ஸ்விட்ச்.

வைஃபைக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுங்கள். அந்த மோட் இல்லாத ரவுட்டர் என்றால், அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) அணைத்து, முகவரியை 192.168.10.2 என்று மாற்றி (ஈஆர்605-ஐப் பின்னால் 192.168.10.1-க்கு நகர்த்தப் போகிறோம்), அதன் லேன் போர்ட்டிலிருந்து ஈஆர்605-ன் லேன் போர்ட்டுக்குக் கேபிள் போடுங்கள். வான் போர்ட்டில் போட்டால் வைஃபையில் இருப்பவர்கள் எல்லாரும் இன்னொரு நாட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். தனித்தனியாக விதி எழுத முடியாது. (நாட் என்றால் முகவரி மாற்றம், நாடு அல்ல.)

இரண்டாவது லைனாக எதை எடுப்பது?

இங்கேதான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். இரண்டு கம்பெனி என்றாலும் இரண்டு ஃபைபரும் தெருமுனையில் அதே மின் கம்பத்தில்தான் தொங்கும். மரக்கிளை விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதைவிட மோசம், பாதை ஒன்றாக இருப்பது. உள்ளூர் கேபிள்காரர் தரும் இணைப்பு பல இடங்களில் பெரிய கம்பெனி ஒன்றின் லைனையே மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுப்பது. பெயர் இரண்டு, வழி ஒன்று. பக்கத்து வீட்டில் அந்த லைன் இருந்தால், அங்கிருந்து உங்கள் கேம் சர்வர் இருக்கும் ஊருக்கு டிரேஸ்ரூட் (பாக்கெட் எந்தெந்த ரவுட்டர் வழியே போகிறது என்று காட்டும் கட்டளை) ஓட விட்டுப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது நிறுத்தத்துக்குப் பின் வரும் முகவரிகள் உங்கள் லைனில் வருபவையாகவே இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். நிறுத்தங்களின் பெயரில் டெல்லி, சிங்கப்பூர் என்பதற்கான சுருக்கங்கள் தென்பட்டால் உஷார்: சென்னையிலிருந்து மும்பை போக வேண்டிய பாக்கெட் ஊர் சுற்றிப் போகிறது என்று அர்த்தம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடிக் கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். போய் வர 32 மில்லிசெகண்ட் வீண்.

இதே வழியை வின்எம்டிஆர் மாதிரியான மென்பொருளில் பார்க்கும்போது நடு வரிசைகளில் 40 சதவீத பாக்கெட் இழப்பு என்று காட்டினால் பதற வேண்டாம். நடுவில் இருக்கும் ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகவே வைத்திருக்கும். இழப்பு ஒரு வரிசையில் தொடங்கிக் கடைசி வரிசை வரை அப்படியே நீடித்தால்தான் அது நிஜ இழப்பு.

ஃபைபர் ஒன்று, 5ஜி ஏர்ஃபைபர் ஒன்று என்று எடுத்தால் கம்பப் பிரச்சினை தீரும். 2023 செப்டம்பரில் ஜியோ ஏர்ஃபைபர் வந்தபோது முதல் எட்டு நகரங்களில் சென்னையும் ஒன்று. ஆனால் ரேடியோ ரேடியோதான். டவரில் கூட்டம் கூடினால் பிங் அலையும். அதனால் கேமுக்கு ஃபைபர், வீட்டு நெட்ஃபிளிக்ஸுக்கு ஏர்ஃபைபர் என்று வையுங்கள். மாற்றி வைத்துவிட்டுப் பெட்டியைத் திட்டுகிறவர்கள் நிறைய. கேம் லைனுக்கு வேகம் முக்கியமில்லை என்பதால் இருப்பதிலேயே மலிவான பிளானே போதும். 399 ரூபாய் பிளான் என்றால் 18 சதவீத ஜிஎஸ்டியோடு மாதம் 471, வருஷத்துக்கு 5,650 ரூபாய். இந்தச் செலவைக் கணக்கில் வைத்துக்கொண்டு பெட்டியின் விலையைப் பாருங்கள்.

பொருத்தும்போது முதலில் இடறும் கல்

ஈஆர்605-ன் சொந்த முகவரி 192.168.0.1. கம்பெனி மோடம்களில் பல 192.168.1.1; ஜியோவினுடையது 192.168.29.1. இரண்டு மோடமும் 192.168.1.1 ஆக அமைந்துவிட்டால், இரண்டு வானும் ஒரே சப்நெட்டில் (முகவரிக் கூட்டத்தில்) மாட்டிக்கொண்டு ஒன்று வேலை செய்யும், ஒன்று செய்யாது. கஸ்டமர் கேரில் கேட்டால் லைன் சரியாக இருக்கிறது என்பார்கள், அது உண்மையும்கூட. மோடம் ஒன்றின் லேன் முகவரியை 192.168.2.1 என்று மாற்றினால் தீர்ந்தது. ஈஆர்605-ன் லேன் பக்கத்தையும் 192.168.10.1-க்கு நகர்த்திவிடுங்கள். டிஹெச்சிபி எல்லை 192.168.10.100 முதல் 199 வரை. அதற்குக் கீழே இருக்கும் எண்கள் பின்னால் தேவைப்படும்.

முடிந்தால் கேம் லைனின் மோடத்தை பிரிட்ஜ் மோடுக்கு (லைனை அப்படியே ரவுட்டருக்குக் கடத்தும் நிலை) மாற்றச் சொல்லி, கம்பெனி லைனில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர் பெயர், பாஸ்வேர்டை ஈஆர்605-ல் போடுங்கள். விலான் எண் (லைனைப் பிரித்து அடையாளம் காட்டும் எண்) ஏதாவது தேவையா என்று டெக்னீஷியன் கிளம்புவதற்குள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அது தெரியாமல் பிரிட்ஜ் வேலை செய்யாது. பிபிபிஓஇ என்றால் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, 1492. இதை 1500 என்று விட்டுவைத்தால் சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கும். பிரிட்ஜ் தர மறுத்தால் தலைபோகிற விஷயமில்லை. சர்வரில் நடக்கும் கேம்களுக்கு இரட்டை நாட் பெரிய தடை அல்ல. நண்பர்களோடு நேரடியாக இணையும் கேம்களில்தான் உறுத்தும்.

வான் பக்கத்தில் அப்ஸ்ட்ரீம், டவுன்ஸ்ட்ரீம் என்ற இரண்டு கட்டங்களை யாரும் நிரப்புவதில்லை. லைனின் நிஜ வேகத்தை கிலோபிட் கணக்கில் எழுதுங்கள், 100 எம்பிபிஎஸ் என்றால் 100000. சுமையை எந்த விகிதத்தில் பிரிப்பது என்று ரவுட்டர் இந்த எண்களை வைத்துத்தான் முடிவு செய்கிறது. இரண்டிலும் இயல்பாக இருக்கும் எண்ணையே விட்டால் 300 எம்பிபிஎஸ் லைனையும் 30 எம்பிபிஎஸ் லைனையும் சமமாக நடத்தும்.

லோட் பேலன்சிங் ஏன் கேமைக் கெடுக்கிறது?

இரண்டு வானும் உயிரோடு இருந்தால் பெட்டி புதிதாக வரும் இணைப்புகளை இரண்டிலும் பங்கிட ஆரம்பிக்கும். பத்துப் பேர் உலாவும் அலுவலகத்துக்கு அருமை. கேமில் என்ன நடக்கும்? இன்று மேட்ச் முதல் லைனில் விழும், அடுத்த மேட்ச் இரண்டாவதில். ஒன்றில் 25, இன்னொன்றில் 60. கை பழகிய நேரம் ஒவ்வொரு மேட்ச்சிலும் மாறும்.

நேரடியாக இணையும் கேம்களில் இதைவிட வேடிக்கை. கேம் முதலில் ஒரு சர்வரிடம் என் வெளி முகவரி என்ன என்று கேட்கும். அந்தக் கேள்வி முதல் லைன் வழியே போவதால் முதல் லைனின் முகவரி பதிலாக வரும். அதை எதிராளியிடம் கொடுக்கும். எதிராளிக்கு உங்கள் பாக்கெட் இரண்டாவது லைன் வழியே வேறு முகவரியிலிருந்து வந்து சேரும். யார் நீ என்று அந்தப் பக்கத்து ரவுட்டர் கதவைச் சாத்திவிடும். திரையில் நாட் டைப் ஸ்டிரிக்ட் என்று வரும், நீங்கள் போர்ட் ஃபார்வர்டிங்கில் மணிக்கணக்காக முட்டிக்கொண்டிருப்பீர்கள். வங்கித் தளங்களில் ஓடிபி போட்டதும் வெளியே தள்ளுவதும் இதே காரணத்தால்தான். அதற்கு மருந்து லோட் பேலன்சிங் பக்கத்தில் இருக்கும் அப்ளிகேஷன் ஆப்டிமைஸ்டு ரவுட்டிங் என்ற டிக். அதை எப்போதும் போட்டே வையுங்கள்: ஒரு கருவி ஒரு தளத்தோடு பேசத் தொடங்கிய லைனிலேயே தொடர்ந்து பேசும். கேமுக்கு அது மட்டும் போதாது.

வேலை நடக்கும் இடம்: பாலிசி ரவுட்டிங்

கேம் கம்ப்யூட்டருக்கு விண்டோஸிலேயே 192.168.10.20 என்று நிலையான முகவரி கொடுங்கள். பிளேஸ்டேஷனுக்கு 21. பிரிஃபரன்சஸ் பகுதியில் ஐபி குரூப் என்று இருக்கும். 20 முதல் 29 வரை ஒரு குரூப், 100 முதல் 199 வரை இன்னொரு குரூப். பிறகு டிரான்ஸ்மிஷன், ரவுட்டிங், பாலிசி ரவுட்டிங் என்ற பக்கம்; எந்தக் கருவி எந்த லைனில் போக வேண்டும் என்று விதி எழுதும் இடம் அதுதான். முதல் குரூப்புக்கு இரண்டாவது வான் (கேம் லைன்), மோட் பிரையாரிட்டி. அதே இடத்தில் ஒன்லி என்றும் ஒரு மோட் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் அந்த லைன் போனதும் கம்ப்யூட்டருக்கு இணையமே இருக்காது. இன்னொரு லைனுக்குத் தாவ வேண்டும் என்றுதானே இவ்வளவும்.

இதோடு நிறுத்திவிடுவதுதான் எல்லாரும் செய்யும் தப்பு. இந்த விதி கேம் கம்ப்யூட்டரை இரண்டாவது லைனில் கட்டிப்போடுகிறது, சரி. மற்றவர்கள் அந்த லைனுக்கு வராமல் தடுக்கவில்லையே. லோட் பேலன்சிங் அவர்களைப் பாதிப் பாதியாக உங்கள் லைனிலும் ஏற்றிக்கொண்டுதான் இருக்கும். தாவல் நிற்கவில்லை என்று பெட்டியைத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவது விதி கட்டாயம்: இரண்டாவது குரூப்புக்கு முதல் வான், அதுவும் பிரையாரிட்டி. இப்போதுதான் கேம் லைன் காலியாகும்.

கேம் கம்ப்யூட்டரே தன் லைனை நிரப்பவும் செய்யும். ஸ்டீம் டவுன்லோடுக்கு அதன் செட்டிங்கிலேயே வேக வரம்பு உண்டு, விண்டோஸ் அப்டேட்டுக்கும் உண்டு. விளையாடிக்கொண்டே ஓபிஎஸ் மென்பொருளில் லைவ் போடுகிறவர் 6 எம்பிபிஎஸ் அப்லோடை அதே லைனில் தொடர்ந்து தள்ளுகிறார். அதையும் பிரிக்கலாம். சர்வீஸ் டைப் பக்கத்தில் டிசிபி, சேரும் போர்ட் 1935 என்று ஒன்று உருவாக்கி, கேம் குரூப்பிலிருந்து வரும் அந்த சர்வீஸை முதல் வானுக்கு அனுப்பும் விதியை மற்ற விதிகளுக்கு மேலே வையுங்கள். ஓபிஎஸ்ஸில் ஆர்டிஎம்பிஎஸ் (லைவ் அனுப்பும் ஆர்டிஎம்பி முறையின் பூட்டிய வடிவம்) தேர்வாகி இருந்தால் அது 443-ல் போகும், விதி பிடிக்காது. ஆர்டிஎம்பிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேமின் போர்ட் எண்ணை வைத்தே விதி எழுதலாமே என்றால், எழுதலாம். வேலரன்டுக்கு யுடிபி 7000 முதல் 7500 வரை. ஸ்டீம் வழி கேம்களுக்கு யுடிபி 27000 முதல் 27100 வரை. ஆனால் லாகின் ஒரு முகவரியிலும் மேட்ச் இன்னொரு முகவரியிலும் நடக்கும். எல்லா கேமும் அதை விரும்பாது. கருவியை மொத்தமாக ஒரு லைனில் கட்டுவதே நிம்மதி.

போனில் பிஜிஎம்ஐ ஆடுகிறவருக்கு ஒரு கூடுதல் வேலை. ஆண்ட்ராய்டும் ஐபோனும் ஒவ்வொரு வைஃபைக்கும் போலியான மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) ஒன்றை உண்டாக்கிக் காட்டும். மேக் முகவரியை வைத்து ரவுட்டரில் இடம் ஒதுக்கியிருந்தால், அந்தப் போலி முகவரி மாறும் அன்று ஒதுக்கீடு பிடிக்காமல் போகும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அந்த ரேண்டம் மேக்கை அணையுங்கள்.

லைன் சாகும்போதும், சாகாமல் இழுக்கும்போதும்

ஒரு லைன் போனால் மற்றதற்குத் தாவுவதை ஈஆர்605 சரியாகவே செய்கிறது. ஆன்லைன் டிடெக்‌ஷன் பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டும். ஆட்டோவில் இருந்தால் அந்த லைன் கொடுத்த டிஎன்எஸ் சர்வரை (தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தருவது) கேட்டுப் பார்த்துத்தான் உயிர் இருக்கிறதா என்று முடிவு செய்யும். அந்த டிஎன்எஸ் கம்பெனியின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே இருந்தால், வெளியுலகத் தொடர்பு அறுந்த பிறகும் அது பதில் சொல்லிக்கொண்டிருக்கும். பெட்டி எல்லாம் நலம் என்று நினைக்கும். மேனுவலுக்கு மாற்றி, பிங்குக்கு ஒரு லைனில் 1.1.1.1, இன்னொன்றில் 8.8.8.8 என்று எழுதுங்கள்.

மேட்ச் நடுவில் தாவினால் ஆட்டம் துண்டிக்கப்படும் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். வெளி முகவரி மாறிவிட்டதால் சர்வருக்கு நீங்கள் புது ஆள். ரீகனெக்ட் பட்டன் வரும், சில விநாடியில் உள்ளே போகலாம். லைன் வரும் வரை காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல். ராங்க்டு ஆடுகிறவருக்கு இரண்டாவது லைனின் நிஜமான லாபம் இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

பெட்டியின் பலவீனம் வேறு இடத்தில். லைன் சாகவில்லை, 15 சதவீதம் பாக்கெட் இழக்கிறது, மழை நாளில் தண்ணீர் புகுந்த ஜாயின்ட் போல. கேம் ஆட முடியாது. ஆனால் பிங்குக்கு அவ்வப்போது பதில் வந்துகொண்டே இருக்கிறது. ஈஆர்605-க்கு அது உயிருள்ள லைன்தான். தாவாது. நீங்களே பாலிசி பக்கத்துக்குப் போய் வானை மாற்ற வேண்டும். ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் ஓடும் ரவுட்டர்களில் இருக்கும் எம்வான்3 இந்த இடத்தில் புத்திசாலி. இழப்பு எத்தனை சதவீதம் தாண்டினால், தாமதம் எத்தனை மில்லிசெகண்ட் தாண்டினால் லைன் செத்ததாகக் கொள்வது என்று எல்லை வைக்கலாம். அதன் இயல்பான எல்லைகள் 40 சதவீதமும் 1,000 மில்லிசெகண்டும். கேமுக்கு இது மிகத் தளர்வு, 10 சதவீதம், 150 மில்லிசெகண்ட் என்று இறுக்கலாம். ரொம்பவும் இறுக்கினால் பெட்டி ஊஞ்சல் ஆட ஆரம்பிக்கும்.

சின்னச் சின்னதாகக் குத்துபவை

டிஎன்எஸ். முதல் கம்பெனியின் டிஎன்எஸ் சர்வரிடம் இரண்டாவது கம்பெனி லைன் வழியே கேட்டால் பெரும்பாலும் பதில் தராது. பக்கம் திறக்க மூன்று விநாடி, அடுத்த பக்கம் உடனே, அடுத்தது மறுபடி மூன்று விநாடி என்று இருந்தால் இதுதான் காரணம். டிஹெச்சிபியில் 1.1.1.1, 8.8.8.8 என்று பொதுவான சர்வர்களைக் கொடுத்துவிடுங்கள்.

ஐபிவி6, அதாவது புதிய வகை இணைய முகவரி. நீங்கள் எழுதிய விதிகள் ஐபிவி4 முகவரிகளுக்கானவை. ஒரு லைனில் ஐபிவி6 இருந்தால் அந்தப் போக்குவரத்து விதியைக் கண்டுகொள்ளாமல் போகும். முதலில் அணைத்து வைத்து எல்லாம் சரியானபின் திறந்து பாருங்கள். கேம் தானே போர்ட் திறந்துகொள்ள விடும் யுபிஎன்பியைக் கேம் லைனுக்கான வானில் மட்டும் திறங்கள். சிஜிநாட்டுக்கு (கம்பெனி ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிடுவது) பின்னால் இருக்கும் லைனில் யுபிஎன்பியும் போர்ட் ஃபார்வர்டிங்கும் அர்த்தமில்லாதவை. வான் முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் அங்கேதான் இருக்கிறீர்கள். நேரடி இணைப்பு கேம்கள் முக்கியம் என்றால் அந்தக் கம்பெனியிடம் நிலையான முகவரி கேட்டு வாங்குவதே வழி.

டிபி-லிங்க் கருவிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஓமடா கன்ட்ரோலரில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் முதல் நாளே சேருங்கள். தனியாக வைத்துப் பார்த்துப் பார்த்து எழுதிய விதிகள் கன்ட்ரோலர் ஏற்றுக்கொண்டதும் போய்விடும்.

பெரிய குறை

எஸ்க்யூஎம் இல்லை. அதாவது கேக், எஃப்க்யூ-கோடெல் மாதிரி வரிசையை நேர்த்தியாகக் கையாளும் வசதி இந்தப் பெட்டியில் கிடையாது. பேண்ட்வித் கன்ட்ரோல் என்று இருப்பது ஒவ்வொருவருக்கும் உச்ச வரம்பு போடும் வேலை. வரிசையில் கேமை முன்னே விடும் வேலை அல்ல. லைன்களைப் பிரித்துவிட்டதால் இது பெரும்பாலும் உறைக்காது. ஆனால் ஒரு லைன் செத்து வீடு மொத்தமும் ஒன்றில் ஏறும்போது பழைய தாவல் அப்படியே திரும்பிவரும்.

இன்னும் வெளிப்படையாகச் சொன்னால், முதலில் செய்த சோதனையில் உங்கள் நோய் வீட்டுக்குள் இருக்கிறது என்று தெரிந்திருந்தால், இரண்டாவது லைனே தேவையில்லாமல் இருக்கலாம். எஸ்க்யூஎம் உள்ள ஒரு ரவுட்டரை வாங்கி, வேகத்தை லைனின் நிஜ அளவில் 85-லிருந்து 90 சதவீதத்துக்குக் கட்டினால், ஒரே லைனில் அதே அமைதி கிடைக்கும். மாதாமாதம் 471 மிச்சம். மைக்ரோடிக் ஹெக்ஸில் ரவுட்டர்ஓஎஸ் 7 கேக்கோடு வருகிறது, இரண்டு லைனும் தாங்கும். ஆனால் அதன் மெனுக்கள் நெட்வொர்க் படித்தவருக்கானவை. ஜிஎல்-ஐநெட் ஃபிளின்ட் 2 ஓபன்டபிள்யூஆர்டி அடிப்படையில் ஓடுவது, இரண்டு 2.5 கிகாபிட் போர்ட், வைஃபையும் உண்டு. பட்ஜெட் இடம் கொடுத்தால் ஈஆர்605-ஐவிட அதையே முதலில் பார்ப்பேன். ஈஆர்605 ஜெயிப்பது விலையிலும், ஒருமுறை அமைத்துவிட்டால் அதை மறந்துவிடலாம் என்பதிலும்.

இரண்டு லைனையும் ஒரே குழாயாக்குகிறேன் என்று சொல்லும் ஸ்பீடிஃபை மாதிரி மென்பொருள்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றில் ரிடண்டன்ட் மோட் என்று உண்டு: ஒவ்வொரு பாக்கெட்டையும் இரண்டு லைனிலும் அனுப்பி, முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும். பாக்கெட் இழப்புக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை, லைன் தாவினாலும் மேட்ச் அறுபடாது. விலை என்னவென்றால் எல்லாம் அவர்களுடைய சர்வர் ஒன்றைச் சுற்றிப் போக வேண்டும். அந்த சர்வர் கேம் சர்வர் இருக்கும் ஊரிலேயே இருந்தால் சில மில்லிசெகண்டுதான் கூடும். வேறு நாட்டில் இருந்தால் பிங் இரட்டிப்பாகும், மேட்ச்மேக்கிங் வேறு பகுதிக்குத் தள்ளவும் கூடும். டேட்டாவும் இரண்டு மடங்கு செலவாகும். இழப்பு அதிகமுள்ள இரண்டு லைன்தான் கிடைக்கும் ஊரில் இருப்பவர் மட்டும் யோசிக்கலாம்.

கடைசியாக ஒன்று வாங்கச் சொல்வேன் என்றால் அது மினி யுபிஎஸ். கரண்ட் போகும்போது இரண்டு மோடமும் ஈஆர்605-ம் ஆக்சஸ் பாயின்ட்டும் நான்குமே உயிரோடு இருந்தால்தான் லைன் இருக்கும். மோடம்கள் பெரும்பாலும் 12 வோல்ட், ஈஆர்605-ன் அடாப்டர் 9 வோல்ட். இரண்டு வோல்டேஜும் தனித்தனி அவுட்புட்டாகத் தருகிற யுபிஎஸ்ஸாகப் பார்த்து வாங்குங்கள். 12 வோல்ட் பின்னை அவசரத்தில் ஈஆர்605-ல் செருகிவிடாமல் இருக்க, ஒயரில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் சுற்றி எண்ணை எழுதி வையுங்கள்.